முல்லைத்தீவுக்கென்று ஒரு ஆசனம் இருந்தது

1977 யூலை 21 அன்று அம்மாவுக்கு 17 வயது. வாக்கில்லை. ஆனாலும் அம்மப்பாவோடு ஒட்டுசுட்டானில் வாக்குச்சாவடி வாசல்வரை போயிருக்கிறா. அதுவரை வவுனியாத் தொகுதிக்குள் கிடந்த எங்களுக்கு, முல்லைத்தீவு என்ற பெயரிலேயே புதிதாக ஒரு பாராளுமன்றத் தொகுதி கிடைத்து நடந்த முதல் தேர்தல் அது. தமிழர் விடுதலைக் கூட்டணியின் சின்னமான உதயசூரியனுக்குப் புள்ளடி போட்டுவிட்டு வந்த அம்மப்பா, "அடுத்தமுறை நீயும் போடலாம்" என்றாராம்.

அந்த அடுத்தமுறை வரவேயில்லை.

வென்றவர் கூட்டணியின் எக்ஸ். எம். செல்லத்தம்பு. 1982 டிசெம்பரில் பொதுத்தேர்தலுக்குப் பதிலாக சர்வசன வாக்கெடுப்பு வைத்து, நீட்டச் சம்மதமென்றால் விளக்கு, இல்லையென்றால் குடம் என்று கேட்டு, இருந்த பாராளுமன்றத்தையே ஆறு வருடத்துக்கு நீட்டினார்கள். 1983 இல், தனிநாட்டை ஆதரிக்கமாட்டோம் என்கிற அரசியலமைப்பின் ஆறாம் திருத்தச் சத்தியத்தை எடுக்க மறுத்துக் கூட்டணிக்காரர் ஆசனங்களை இழந்தார்கள். பிறகு 1989 இல் தேர்தல் வந்தபோது மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றையும் சேர்த்து வன்னித் தேர்தல் மாவட்டம் ஆகிவிட்டது. எங்களுக்கென்று ஒரேயொரு ஆளைத் தெரிவுசெய்ய எங்களுக்குக் கிடைத்தது அந்த ஒரு பொதுத்தேர்தல்தான். (கிளிநொச்சியும் வன்னிதான், ஆனால் பாராளுமன்ற வாக்கு என்று வந்தால் அது யாழ்ப்பாணக் கணக்கு.)

சரி, இப்போது ஏன் இந்தப் பழங்கதை என்று கேட்பீர்கள். 2024 வாக்காளர் இடாப்பைப் பாருங்கள். வவுனியா 128,585, மன்னார் 90,607, முல்லைத்தீவு 86,889. நிலப்பரப்பில் மூன்றிலும் பெரியது நாங்கள், வாக்கில் மூன்றிலும் சிறியது நாங்கள். கட்சிப் பட்டியலுக்குள் தன் பெயருக்கு விழுகிற விருப்பு வாக்குக்காகத் தலைமன்னாரிலிருந்து கொக்கிளாய் வரை ஓடவேண்டிய ஒரு வேட்பாளர் எங்கே அதிக நேரம் நிற்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை, நானாக இருந்தாலும் வாக்கு நெருக்கமாக இருக்கிற இடத்தில்தான் நிற்பேன். ஆறு ஆசனத்தில் ஒன்றாவது முல்லைத்தீவில் இருந்து வரவேண்டும் என்று சட்டத்தில் எங்கேயும் கிடையாது. பாராளுமன்ற உறுப்பினரிடம் ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்க இரண்டு பஸ் மாறி வவுனியாவுக்குப் போய், ஆள் கொழும்பிலாம் என்று கேட்டுத் திரும்பி வந்தவள் நான். அதனால் இதை ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன்.

மாகாணசபைதான் இதைக் கொஞ்சம் மாற்றியது. அதில் முல்லைத்தீவு தனித் தேர்தல் மாவட்டம், ஐந்து ஆசனம். 1988 இல் வடக்கில் போட்டியே இல்லாமல் ஆட்களை அறிவித்தார்கள், சனம் வாக்குப் போடவில்லை. ஆக 2013 செப்ரெம்பர் 21 தான் எங்கள் மாவட்டத்துக்கு அதில் உண்மையான முதல் தேர்தல். போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக்பாம் முகாமில் இருந்த கடைசிச் சனம் வெளியேறி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. தகரக் கொட்டிலில் இருந்து வெளிக்கிட்டு, கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு அம்மா வந்தா. தன் மாவட்டத்துக்கென்று முதல் வாக்கைப் போடும்போது அவவுக்கு 53 வயது.

அந்தச் சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் இன்னும் இல்லை. 2017 இல் விகிதாசார முறையை மாற்றி, தொகுதியும் விகிதாசாரமும் கலந்த முறைக்குச் சட்டம் கொண்டுவந்தார்கள், புதுத் தொகுதிகளுக்கு எல்லை பிரித்தார்கள், அந்த அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்தில் ஆதரித்து ஒரு வாக்குக்கூட விழவில்லை. பழைய முறையும் இல்லை, புது முறையும் இல்லை என்று அந்தரத்தில் விட்டுவிட்டார்கள்.

புது எல்லை கீறுகிற வேலை எத்தனை வருடம் வேண்டுமானாலும் எடுக்கட்டும். அதுவரைக்கும் பழைய முறையிலேயே தேர்தலை வைக்க ஒரு சின்னத் திருத்தம் போதும், அதைச் செய்யுங்கள். பாராளுமன்றத்துக்குக் கலப்பு முறை பற்றிக் கதைக்கிறபோது முல்லைத்தீவுக்கு 1977 இல் இருந்தமாதிரி ஒரு ஆசனத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். வன்னியின் ஆறு உறுப்பினர்களையும்தான் கேட்கிறேன், எந்தக் கட்சி என்பது எனக்குப் பிரச்சினையில்லை. வாக்காளர் அட்டை வந்துவிட்டதா என்று அம்மா இப்போதும் கிராம சேவகரிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறா.