புயல் துரத்தல் சினிமாவில் பிறந்ததல்ல

‘1996-இல் ட்விஸ்டர் என்ற ஹாலிவுட் படம் வந்த பிறகுதான் அமெரிக்காவில் சூறாவளியை (டொர்னாடோவை) நேரில் பார்க்கத் துரத்திப் போகும் பழக்கமே தொடங்கியது’ என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

டேவிட் ஹோட்லி 1956-லேயே வடக்கு டகோட்டா மாநிலத்தில் இதைச் செய்துகொண்டிருந்தார். கைபேசியோ இணையமோ இல்லாத காலம். பக்கத்து வானிலை அலுவலகங்களிலும் விமான நிலையங்களிலும் தகவல் சேகரிப்பார். மேகம் எங்கே திரளும் என்று தானே கணிப்பார். அப்புறம் கேமராவோடு காரை எடுப்பார். சம்பளத்துக்கு அல்ல, ஆசைக்கு! அவருக்கும் முன்னால், 1950-களின் தொடக்கத்திலேயே ரோஜர் ஜென்சன் புயல்களைத் தேடிப் போயிருக்கிறார்.

1977-இல் ஹோட்லி புயல் துரத்துபவர்களுக்காக ‘ஸ்டார்ம் டிராக்’ என்ற செய்தி மடலையும் தொடங்கினார். படம் கூட்டத்தைப் பெருக்கியது, சரி. ஆனால் பாதை போட்டவர்கள் இவர்கள்தான்.