பெயரை மறைக்கச் சொன்னவரின் கடிதம்

நான் முன்பு வேலை பார்த்த கம்பெனியில் ஸ்டோர்ஸில் ஒரு அண்ணன் இருந்தார். வராத சரக்குக்கு பில் பாஸ் ஆகிறது என்று முதலாளிக்கு மெயில் போட்டார். மதியத்துக்குள் அந்த மெயிலின் பிரிண்ட், யாரைப் பற்றி எழுதினாரோ அந்த மேனேஜர் மேஜையிலேயே கிடந்தது. சரக்கு வந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. "உனக்கு எதுக்குப்பா இந்த வேலை?" என்றுதான் கேட்டார்கள். இரண்டே மாதத்தில் வெளியூர் கிளைக்கு மாற்றல். பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம். வேலையை விட்டுவிட்டார்.

சத்யேந்திர துபேயைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்த பிரிண்ட்தான் என் கண்முன் வருகிறது. ஐஐடி கான்பூரில் படித்தவர், தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில் இன்ஜினியர். டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தாவை இணைக்கும் தங்க நாற்கரச் சாலை வேலையில் நடந்த முறைகேடுகளை 2002இல் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். பெயரை வெளியில் சொல்லிவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். கடிதம் அவர் பெயரோடேயே அலுவலகம் அலுவலகமாகப் போனது. 2003 நவம்பர் 27 அதிகாலை, பீகாரில் உள்ள கயாவில் ரயிலை விட்டு இறங்கி ரிக்‌ஷாவில் வீட்டுக்குப் போகிற வழியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அன்று அவருக்கு 30வது பிறந்தநாள். வழிப்பறிக்காக நடந்த கொலை என்றது சிபிஐ. அப்படியே இருக்கட்டும். நம்பி எழுதியவரின் பெயரை ஊரெல்லாம் சுற்றவிட்டதற்கு யார் பதில் சொன்னார்கள்?

அதற்குப் பிறகு, 2004இல் மத்திய அரசு ஒரு தீர்மானம் போட்டு, இப்படிப்பட்ட புகார்களை வாங்கும் பொறுப்பை, அரசுத் துறை ஊழலைக் கவனிக்கும் மத்திய கண்காணிப்பு ஆணையத்திடம் கொடுத்தது. இப்படிப் புகார் கொடுப்பவர்களைப் பாதுகாக்கும் முழுச் சட்டம் வந்தது 2014இல்தான். புகார் கொடுத்தவரின் பெயரை அலட்சியமாகவோ கெட்ட எண்ணத்தோடோ வெளியிட்டால் மூன்று வருடம் வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். பழிவாங்கினார்கள் என்று ஊழியர் நிரூபிக்க வேண்டியதில்லை. பழிவாங்கவில்லை என்று நிர்வாகம்தான் நிரூபிக்க வேண்டும். எவ்வளவு நல்ல விஷயம்! ஜனாதிபதி கையெழுத்தும் போட்டாயிற்று. ஆனால் நடைமுறைக்கு வரும் தேதியை மட்டும் அரசு அறிவிக்கவே இல்லை. மாறாக, எதைப் பற்றியெல்லாம் புகார் கொடுக்கக்கூடாது என்று நீட்டி 2015இல் ஒரு திருத்த மசோதா கொண்டுவந்தார்கள். எனக்கு இதைப் படித்தபோது வயிறு எரிந்தது.

சரி, நாளைக்கே தேதி அறிவித்தாலும் எங்கள் ஸ்டோர்ஸ் அண்ணனுக்கு அதில் இடமில்லை. அது அரசு, பொதுத்துறை சம்பந்தப்பட்ட புகார்களுக்குத்தான். தனியார் துறைக்கு, ஊழியர்கள் பயமில்லாமல் புகார் சொல்ல வழி வைக்கச் சொல்லும் கம்பெனிகள் சட்டத்தின் 177வது பிரிவு உண்டு. அதுவும் பங்குச்சந்தையில் இருக்கும் கம்பெனிகள், பொதுமக்களிடம் டெபாசிட் வாங்குபவை, வங்கியில் 50 கோடிக்கு மேல் கடன் வாங்கியவை, இவற்றுக்கு மட்டும். நம் ஊர்ப் பட்டறைகளும் மில்களும் சிறு ஆஸ்பத்திரிகளும் இதில் எங்கே வரும்?

அடுத்த முறை உங்கள் எம்.பி. ஓட்டுக் கேட்டு வரும்போது, அந்தத் தேதியைக் கேளுங்கள். தனியார் ஊழியர்களையும் சேர்க்கச் சொல்லுங்கள்.