தரை துடைத்த மேஜர்

பெரியம்மா கடைசியாகத் தங்கியிருந்த முதியோர் இல்லத்தில் அறைக் கதவுகளுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. சேர்க்கப் போன அன்றே இதைக் கவனித்துக் கேட்டேன். "உள்ளே தாழ் போட்டுக்கிட்டு விழுந்துட்டாங்கன்னா நாங்க எப்படி சார் போய்த் தூக்குறது?" என்றார் பொறுப்பாளர். நியாயமான கேள்விதான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பெரியம்மா கையோடு கொண்டு வந்திருந்த டிரங்குப் பெட்டியையும் இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சரி, விதி அப்படி என்றால் நாம் என்ன செய்வது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்றாவது முறையோ நாலாவது முறையோ பார்க்கப் போனபோது கதவைத் தட்டிவிட்டு வெளியே நின்றேன். சத்தமே இல்லை. மறுபடியும் தட்டினேன். அப்புறம் மெல்லத் திறந்து பார்த்தால், பெரியம்மா கட்டிலில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"ஏன் பெரியம்மா, காதுல விழலையா? 'வா'ன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"விழுந்துச்சுடா. இங்க யாரு தட்டிட்டு வர்றா? வேற எங்கயோ தட்டுறாங்கன்னு நினைச்சேன்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னார். அந்த இல்லத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது, மாத்திரை வேளை தவறாமல் கொடுத்தார்கள், படுக்கைப்புண் ஒன்றுகூட வரவில்லை. கவனிப்பு என்று எதைச் சொல்கிறோமோ அது எல்லாம் இருந்தது. தட்டிவிட்டு வரும் ஆள் மட்டும் இல்லை.

ரிச்சர்ட் கார்-காம் என்ற மனிதரைப் பற்றி நான் வாசித்தது பெரியம்மா போன பிறகுதான். அவர் 2008 அக்டோபரில் இறந்தார். ஒவ்வோர் அக்டோபரிலும் அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போட்டு வந்தேன். இந்த முறை எழுதிவிடுகிறேன்.

1922இல் பிறந்த ஆங்கிலேயர். கோல்ட்ஸ்ட்ரீம் கார்ட்ஸ் என்ற படைப்பிரிவில் அதிகாரி. லண்டன் அரண்மனை வாசலில் கரடித்தோல் தொப்பியும் சிவப்புச் சட்டையுமாகக் காவல் நிற்பார்களே, அந்தப் படைப்பிரிவுகளில் ஒன்று. இரண்டாம் உலகப் போரில் சண்டை போட்டவர். 1945இல் ஜெர்மனியில் நாஜிகளின் பெல்சன் வதை முகாமுக்குள் போன பிரிட்டிஷ் படையினரில் அவரும் ஒருவர். அப்போது வயது 23. அங்கே கண்டது ஒரு மனிதனுக்குள் என்னவெல்லாம் செய்யும் என்று நான் இங்கே உட்கார்ந்துகொண்டு ஊகிக்கப் போவதில்லை. போர் முடிந்து பத்து ஆண்டு கழித்து, மேஜர் பதவியில் இருக்கும்போது, ராணுவத்தை விட்டு விலகினார். 33 வயதில், இன்னும் மேலே போக வேண்டிய நேரத்தில். ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசம் உள்ளவர். தேவன் தன்னிடம் வேறு வேலை கேட்கிறார் என்று நம்பினார்.

இந்த இடத்தில் நமக்குப் பழக்கமான கதை எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். பெரிய உத்தியோகத்தை உதறினார், ஊழியத்துக்கு வந்தார், மேடை ஏறினார், சாட்சி சொன்னார். கார்-காம் மேடை ஏறவில்லை. தேம்ஸ் நதிக்குத் தெற்கே இருக்கும் பெர்மண்ட்சிக்குப் போனார். கப்பல் துறையும் தோல் பதனிடும் பட்டறைகளும் பிஸ்கட் தொழிற்சாலையும் இருந்த உழைப்பாளிகளின் பகுதி அது. போரில் குண்டு விழுந்து நொறுங்கிப்போன இடம். அங்கே வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பெருக்கித் துடைத்து, கடைக்குப் போய்வந்து கொடுக்கும் வீட்டு உதவியாளர் வேலையில் சேர்ந்தார். அது முழுக்கப் பெண்கள் பார்த்துவந்த வேலை. அரண்மனைப் படையின் மேஜர் ஒருவர் முழங்காலில் நின்று, வாளியும் பிரஷுமாகக் கிழவிகளின் வீட்டுத் தரையைத் தேய்க்கிறார் என்றால் பத்திரிகைகள் விடுமா? 'தரை தேய்க்கும் மேஜர்' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். கடைசிவரை அந்தப் பெயர் அவரை விடவில்லை.

அந்தக் காலத்து பிரிட்டன் ஏழை முதியவர்களைக் கைவிட்ட நாடு என்று நினைத்துவிடாதீர்கள். 1948இலேயே இலவச மருத்துவம் வந்துவிட்டது. ஏழைகளை விடுதியில் சேர்த்து வேலை வாங்கிய பழைய ஏழைகள் சட்டத்தையும் அதே ஆண்டு தூக்கிவிட்டார்கள். ஓய்வூதியம் இருந்தது. நிராதரவானவர்களுக்கு இல்லங்கள் இருந்தன. அவற்றில் பல, பழைய ஏழைகள் விடுதிக் கட்டடங்களிலேயே நடந்தன என்பது வேறு விஷயம். ஆக, சோறும் மருந்தும் ஓரளவுக்குக் கிடைத்தன. ஆனால் தரை துடைக்கப் போன கார்-காமுக்கு வேறொன்று தட்டுப்பட்டது. துடைத்து முடித்த பிறகும் அவரை அனுப்ப அந்த முதியவர்களுக்கு மனம் வரவில்லை. தரை சுத்தமா என்பது அவர்களுக்கு அவ்வளவு முக்கியமாக இல்லை. யாராவது ஒருவர் வந்து கொஞ்ச நேரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இவர்களுடைய பெரிய வறுமை தனிமைதான் என்று அவர் புரிந்துகொண்டது முழங்காலில் இருந்தபோது. ஆய்வறிக்கை வாசித்துப் புரிந்துகொண்டது இல்லை.

அப்புறம் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ராணுவத்தை விட்டபோது கையில் கிடைத்த தொகையைக் கொண்டு பெர்மண்ட்சியில் யூஜீனியா ரோட்டில் ஒரு சாதாரண வீட்டை வாங்கினார். தனியாக இருந்த முதியவர்கள் சிலரை அழைத்து வந்து அங்கே குடிவைத்தார். சமைத்ததும் துடைத்ததும் அவர்தான். 1956இல் நண்பர்களோடு சேர்ந்து இதை அபேஃபீல்ட் என்ற அமைப்பாக ஆக்கினார். பெயரில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. அந்தப் பகுதியில் இருந்த ஒரு தெருவின் பெயர்.

அன்றைய அபேஃபீல்ட் வீடுகளின் ஏற்பாட்டைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். விஷயமே அதில்தான் இருக்கிறது. பெரிய கட்டடம் கிடையாது. மற்ற வீடுகளோடு வீடாகத் தெருவில் நிற்கும் ஒரு வீடு. ஏழெட்டுப் பேர். ஆளுக்கு ஓர் அறை. அதில் போடும் கட்டில், நாற்காலி, அலமாரி எல்லாம் குடிவருபவருடையவை. காலை உணவை அவரவர் விருப்பம்போல் அவரவரே செய்துகொள்ள வேண்டும். மதியமும் இரவும் ஒரே மேசையில் எல்லோரும் சேர்ந்து சாப்பாடு. அந்த இரண்டு வேளையும் சமைத்துப்போட வீட்டோடு ஒரு பெண்மணி. அக்கம்பக்கத்தில் இருக்கும் சாதாரண ஆட்களே குழுவாகச் சேர்ந்து வீட்டை நடத்துவார்கள்.

காலையில் தனியாக, மதியம் சேர்ந்து. கேட்டால் சின்ன ஏற்பாடு மாதிரிதான் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். மூன்று வேளையும் தட்டு கைக்கு வந்துவிட்டால் நீங்கள் நோயாளி ஆகிவிடுவீர்கள். மூன்று வேளையும் தனியாகச் சாப்பிட்டால் ஒரு மாதத்தில் சமைப்பதையே விட்டுவிடுவீர்கள். பெரியம்மா தனியாக இருந்த கடைசி வருடத்தில் அப்படித்தான் ஆனது. ஒரு ஆளுக்கு எதுக்கு அடுப்பு பத்த வைக்கணும் என்பார். கார்-காம் அந்த இரண்டுக்கும் நடுவில் ஓரிடத்தைக் கண்டுபிடித்தார். அது அலுவலகத்தில் உட்கார்ந்து போட்ட திட்டம் மாதிரி எனக்குத் தெரியவில்லை.

கார்-காம் குடும்பத்தைப் பற்றி இன்னொரு தகவல், பதிவுக்கு நேரடியாகச் சம்பந்தம் இல்லாவிட்டாலும். 'யானை மனிதர்' என்று அழைக்கப்பட்ட ஜோசப் மெரிக்கைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். உருவம் சிதைந்து, காட்சிப்பொருளாக ஊர் ஊராகக் கொண்டுபோகப்பட்டவர். கடைசியில் அவர் வந்து சேர்ந்த லண்டன் மருத்துவமனையில், குணமாகாத நோயாளிகளை வைத்துக்கொள்ள விதி இல்லை. அப்போது அதன் தலைவராக இருந்தவர் பிரான்சிஸ் கார்-காம். 1886இல் அவர் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். மக்கள் பணம் அனுப்பினார்கள். மெரிக் சாகும்வரை அந்த மருத்துவமனையிலேயே தனக்கென்று ஓர் அறையில் வாழ்ந்தார். ஒரு மனிதனுக்குத் தனக்கென ஓர் அறை வேண்டும் என்கிற எண்ணம் அந்தக் குடும்பத்திலேயே ஓடியதோ என்னவோ.

ரிச்சர்ட் கார்-காம் 1957இல், அதாவது இந்த வேலை தலைக்கு மேல் இருந்த நேரத்தில், திருமணம் செய்துகொண்டார். ஐந்து பிள்ளைகள். இதை ஏன் குறிப்பாகச் சொல்கிறேன் என்றால், நம் சபைகளில் ஊழியம் என்று வந்துவிட்டால் குடும்பம் பின்னால் போய்விடும். அதைப் பெருமையாகவும் சொல்வோம். இயேசு இதைப் பற்றி நேராகவே பேசியிருக்கிறார். மாற்கு ஏழாம் அதிகாரம். தாய் தகப்பனுக்குக் கொடுக்க வேண்டியதை 'கொர்பான்', அதாவது கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லி, பெற்றவர்களைக் கைவிட்டவர்களை அவர் கண்டித்த இடம். பிரசங்கங்களில் நான் அதிகம் கேட்காத பகுதி இது. காணிக்கை எடுக்கிற அன்றைக்கு இதைப் பேசுவது கொஞ்சம் சிரமம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

முதுமையைப் பற்றி வேதாகமத்தில் என்னை மிகவும் உலுக்குகிற இடம் யோவான் 21. உயிர்த்தெழுந்த இயேசு பேதுருவிடம் சொல்கிறார்: இளவயதில் நீயே இடுப்பைக் கட்டிக்கொண்டு உனக்கு விருப்பமான இடத்துக்கெல்லாம் போனாய், வயதானபோது கைகளை நீட்டுவாய், வேறொருவன் உன்னைக் கட்டி, உனக்கு இஷ்டமில்லாத இடத்துக்குக் கொண்டுபோவான். பேதுருவின் மரணத்தைக் குறித்துச் சொன்னது என்று அடுத்த வசனமே விளக்கம் கொடுக்கிறது. இருக்கட்டும். பெரியம்மாவைக் காரில் ஏற்றி அந்த இல்லத்துக்குக் கொண்டுபோன காலையில், சேலையைச் சரிசெய்துவிட்டு சீட் பெல்ட்டை மாட்டிவிட்டது நான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கையையும் தூக்கிக்கொடுத்தார்.

கார்-காமைப் புனிதர் ஆக்கும் எண்ணம் எனக்கு இல்லை. அவருடைய ஏற்பாட்டில் குறையும் உண்டு. தானே எழுந்து காலை உணவு செய்துகொள்ள முடிந்தவருக்குத்தான் அந்த வீடு பொருந்தும். மறதிநோய் முற்றியவருக்கும் படுக்கையில் விழுந்தவருக்கும் வேறு மாதிரிக் கவனிப்பு வேண்டும். அபேஃபீல்டே பின்னாளில் அதற்கெனத் தனி இல்லங்களைத் தொடங்க வேண்டி வந்தது. தவிர, அமைப்பு வளர வளர அவருக்கும் அதை நடத்தியவர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. தான் தொடங்கிய அமைப்பை விட்டு விலகினார். தொடங்கியவருக்கு இதைவிடப் பெரிய அடி வேறு என்ன இருக்கிறது? கட்சி கட்டிக்கொண்டு சண்டை போடுகிறவர்களைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். அவர் 1965இல் தன் குடும்பப் பெயரிலேயே இன்னொரு சங்கத்தை ஆரம்பித்து, இந்த முறை வயது வித்தியாசம் பார்க்காமல் தனிமையில் இருக்கும் எல்லோருக்கும் கதவைத் திறந்தார். அபேஃபீல்டும் நிற்கவில்லை, கனடா, ஆஸ்திரேலியா என்று கடல் கடந்தும் போயிருக்கிறது.

அவர் இறந்து ஒன்பது ஆண்டு கழித்து, 2018 ஜனவரியில், பிரிட்டன் அரசு தனிமைப் பிரச்சினைக்கென்றே ஓர் அமைச்சரை நியமித்தது. உலகமே ஆச்சரியமாகப் பார்த்தது. 2023இல் உலக சுகாதார நிறுவனமும் இதற்கென ஆணையம் அமைத்தது. 1955இல் ஒருவர் வாளித் தண்ணீரும் பிரஷுமாகக் கண்டுபிடித்தது அரசாங்கத்துக்கு எட்ட 60 ஆண்டுக்கு மேல் பிடித்திருக்கிறது.

ஒரு கிறிஸ்தவப் பெரியவர் காலமானால் நாம் எழுதும் அஞ்சலி ஒரே அச்சில் இருக்கும். 'ஜெப வீரர், நல்ல குடும்பத் தலைவர், முதியோர் பணியில் முன்னோடி, கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.' நானும் இப்படி நாலைந்து எழுதியிருக்கிறேன். எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவர் யாருடைய அறைக்குள் தட்டிவிட்டு நுழைந்தார், யாருடைய மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார் என்று அதில் ஒரு வரியும் இருக்காது. என் அஞ்சலிகளிலும் இருந்ததில்லை.

மாமனார் இப்போது எங்களோடு இருக்கிறார். வயது 84. தாழ்ப்பாள் விஷயத்தில் அந்தப் பொறுப்பாளரின் கேள்விக்கும் ஒருவழியாகப் பதில் கிடைத்துவிட்டது. உள்ளே திருகினால் பூட்டிக்கொள்ளும், அவசரம் என்றால் வெளியே இருந்து ஒரு நாணயத்தை வைத்துத் திருப்பித் திறந்துவிடலாம்; அப்படிப்பட்ட பூட்டுகள் இருக்கின்றன. பெரியம்மா இருந்தபோது தேடியிருந்தால் அப்போதும் கிடைத்திருக்கும். நான் தேடவில்லை. போன மாதம் மாமனார் அறைக்கு ஒன்று வாங்கி மாட்டினோம்.

வீட்டில் இருப்பதே மூன்று பேர். மனைவி வேலைக்குப் போய்விட்டால் நானும் அவரும்தான். இருந்தாலும் தட்டினால், "யாரது?" என்று கேட்டுவிட்டுத்தான் திறக்கிறார்.