பஹாமாஸ்காரர் என்று யாரைச் சொல்வது?

பஹாமாஸ் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது நீலக் கடலும் உல்லாசக் கப்பல்களும்தான். அந்த நாட்டின் பிழைப்பே பெரும்பாலும் சுற்றுலாவை நம்பியிருப்பதால், அந்தப் படத்தை அவர்களும் சலிக்காமல் விற்கிறார்கள். ஆனால், 700க்கும் மேற்பட்ட தீவுகளில் சுமார் 4 லட்சம் பேர் மட்டுமே வாழும் அந்த நாட்டில், தங்களவர் யார், வெளியார் யார் என்ற வழக்கு 1973 ஜூலை 10 அன்று விடுதலை பெற்ற பிறகும் தீர்ந்தபாடில்லை.

அங்கே ஒருவருடைய குடும்பப் பெயரைக் கேட்டாலே அவர் எந்தத் தீவைச் சேர்ந்தவர் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ரோல் என்றால் எக்சூமா. ரோல் பிரபுவின் பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தவர்கள் அவருடைய பெயரையே தங்கள் பெயராக்கிக்கொண்டு, அடிமைத்தளை நீங்கிய பின் அந்த நிலத்தைப் பொதுச்சொத்தாகத் தலைமுறை தலைமுறையாக அனுபவித்து வருகிறார்கள். எசமானின் பெயரே நிலத்துக்கான உரிமைச் சான்றாக மாறியதை வரலாற்றின் குறும்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

தலைநகர் நசாவின் பே தெருவுக்கும் இப்படியொரு கதை உண்டு. கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக இருந்த நாட்டை நெடுங்காலம் ஆண்டவர்கள் அந்தத் தெருவின் வெள்ளை வணிகர்கள். 1965 ஏப்ரல் 27 அன்று எதிர்க்கட்சித் தலைவர் லிண்டன் பிண்ட்லிங் அந்த ஆட்சியை எதிர்த்துச் சபாநாயகரின் செங்கோலைத் தூக்கிச் சன்னல் வழியே வெளியே எறிந்தார். 1967 ஜனவரியில் பெரும்பான்மையினரின் ஆட்சி வந்தது. இன்று டிசம்பர் 26 அன்றும் புத்தாண்டு அன்றும் விடிய விடிய ஜங்கனூ என்னும் திருவிழா ஊர்வலம் போவது அதே பே தெருவில்தான். அட்டையை வெட்டி உருவம் செய்து, சுருக்கத்தாளைக் குஞ்சம் குஞ்சமாகக் கத்தரித்து, வரிசை வரிசையாகப் பசையிட்டு ஒட்டிய உடைகளை மாதக்கணக்கில் உருவாக்குகிறார்கள். ஆட்டுத்தோல் முரசும் மாட்டுமணியும் அதிர அவற்றைச் சுமந்து ஆடுகிறார்கள். பயணிகளுக்காக நடத்தும் வேடிக்கை இது என்று நினைப்பவர்கள் அந்த உழைப்பை அறியாதவர்கள்.

இவ்வளவு தாராளமான பண்பாடு, சட்டப் புத்தகத்தில் மட்டும் ஏன் இப்படிச் சுருங்கிப்போகிறது என்பதே என் கேள்வி. வெளிநாட்டுப் பெற்றோருக்கு நசாவில் பிறக்கும் பிள்ளைக்குப் பிறப்பால் குடியுரிமை கிடையாது. வெளிநாட்டவரை மணந்த பஹாமாஸ் பெண் அயல்நாட்டில் பெறும் பிள்ளைக்கும் அது தானாக வருவதில்லை. ஆணின் பிள்ளைக்கு வருகிறது. இந்தப் பாகுபாட்டை நீக்க 2002இலும் 2016இலும் பொதுவாக்கெடுப்பு நடந்தது. இரண்டு முறையும் மக்கள் மறுத்துவிட்டார்கள். பெண்களும் திரளாக எதிர்த்து வாக்களிக்காமல் இந்த முடிவு வந்திருக்காது என்பதுதான் எனக்குக் கூடுதல் வருத்தம்.

அண்டையில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்களைக் கொண்ட ஹெய்ட்டி வறுமையிலும் வன்முறையிலும் தவிக்கும்போது, அங்கிருந்து வரும் படகுகளைப் பார்த்து ஒரு சின்னஞ்சிறு நாடு அஞ்சுவதை நான் ஏளனம் செய்ய மாட்டேன். ஆனால் பஹாமாஸிலேயே பிறந்து, அதே பள்ளியில் படித்து, அதே பேச்சைப் பேசும் பிள்ளை எந்தப் படகில் வந்தது? 1492இல் கொலம்பஸ் கண்ட பூர்வகுடிகளான லுக்கயர்களைச் சில பத்தாண்டுகளிலேயே ஸ்பானியர்கள் அடிமைகளாகக் கொண்டுபோய்த் தீவுகளைக் காலியாக்கிவிட்டார்கள். இன்றிருப்போர் அனைவருமே கடல் கடந்து வந்தவர்களின் வழியினர்தாம். மயாமியில் பிறந்த நடிகர் சிட்னி பொய்ட்டியரைத் தங்கள் மண்ணின் மைந்தராகக் கொண்டாடி, ஜப்பானுக்குத் தூதராக அனுப்பி, நசாவின் பாலத்துக்கு அவர் பெயரைச் சூட்டிய நாடு அது. நியாயமான பெருமைதான், மறுக்கவில்லை. பிறந்த இடம் அவருக்குத் தடையாகவில்லை. ஹெய்ட்டியரின் பிள்ளைக்கோ பிறந்த இடம் உதவவில்லை.

திருமணமாகாத பஹாமாஸ் தந்தைக்கு அந்நாட்டிலேயே பிறந்த பிள்ளையும் குடிமகனே என்று 2023இல் தீர்ப்பு வந்தது. அதையும் சொன்னது லண்டனில் இருக்கும் பிரிவி கவுன்சில்தான். விடுதலைக்குப் பின்னும் அவர்களுடைய இறுதி நீதிமன்றம் அதுவே. ஹெய்ட்டியப் பெற்றோரின் பிள்ளைக்கு அந்தத் தீர்ப்பால் எந்த மாற்றமும் இல்லை. அவர் 18 வயதுவரை காத்திருந்து, அடுத்த 12 மாதங்களுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும்.