"ஃபெஞ்சல் கரையைக் கடந்துருச்சாம்"

2024 நவம்பர் 30 ராத்திரி. புதுச்சேரியில் எங்கள் தெருவில் கரண்ட் போய் நாலு மணி நேரம் ஆகியிருந்தது. நள்ளிரவுக்கு மேல் எதிர்வீட்டு அக்கா பால்கனியிலிருந்து கத்தினார்: "தம்பி, ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்துருச்சாம். போய் நிம்மதியா படுங்க."

நானும் படுத்தேன். விடிந்து பார்த்தால் என் வண்டியில் ஹேண்டில்பாரும் சீட்டும்தான் தண்ணீருக்கு மேலே தெரிந்தன.

24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கும் மேல் மழை. அதற்கு முன் முப்பது வருஷத்தில் இங்கே பதிவான உச்சமே 2004-இல் பெய்த 21 செ.மீ.தான். பக்கத்து மயிலத்தில் 51. கடந்துவிட்டதாகச் சொன்ன புயல் நகரவே இல்லை. சண்டி மாடு மாதிரி எங்கள் தலைக்கு மேலேயே பல மணி நேரம் படுத்துக்கொண்டது.

அந்த வாரம் வானிலை மையத்தைத் திட்டாதவர் யாருமில்லை. புயலாக மாறும் என்றார்கள். மறுநாள், மாறாது, புயலுக்கு ஒரு படி கீழான ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடக்கும் என்றார்கள். 29-ஆம் தேதி மதியம் புயலாகியே விட்டது. மீம்ஸ் பறந்தன. நானும் ரெண்டு ஷேர் பண்ணினேன், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அதில் பாதித் திட்டு அநியாயம்.

புயல் எந்தப் பக்கம் போகும் என்பதும், எவ்வளவு வலுவாகும் என்பதும் வேறு வேறு கணக்கு. பாதை சுலபமான கணக்கு. ஆற்றில் மிதக்கும் தக்கை மாதிரி, சுற்றியுள்ள பெரிய காற்றோட்டம் தள்ளுகிற பக்கம் புயல் போகும். அந்தக் காற்றோட்டத்தைக் கணினி மாடல்கள் இப்போது ஓரளவு நன்றாகவே பிடித்துவிடுகின்றன. வலிமை அப்படியில்லை. கடல் எவ்வளவு ஆழம் வரை சூடாக இருக்கிறது, மேலே வீசும் காற்று மேகக் கோபுரத்தைச் சாய்க்கிறதா, வறண்ட காற்று உள்ளே புகுகிறதா என்று புயலின் மையத்தை ஒட்டிய சின்ன வட்டாரத்துக்குள் நடக்கிற சமாசாரம் அது. தள்ளும் காற்று ஓய்ந்துபோனால் தக்கை அதே இடத்தில் சுழலும். ஃபெஞ்சலுக்கு அதுவும் சேர்ந்துகொண்டது.

நடுக்கடலில் காற்றின் வேகத்தை யார் போய் அளப்பது? அமெரிக்காவில் விமானத்தைப் புயலின் கண்ணுக்குள்ளேயே ஓட்டி, பாராசூட் கட்டிய கருவிகளைக் கீழே போடுகிறார்கள். நமக்கு அந்த வழக்கம் இல்லை. இன்சாட் செயற்கைக்கோள் படத்தில் மேகம் எப்படிச் சுருண்டிருக்கிறது, அதன் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று பார்த்து, 1970-களில் டுவோராக் என்ற அமெரிக்கர் வகுத்த முறைப்படி மதிப்பிடுகிறார்கள். சில நூறு கிலோமீட்டருக்குள் வந்த பிறகுதான் சென்னை, காரைக்கால் டாப்ளர் ரேடார்கள் கைகொடுக்கும்.

விமானம் இருந்தால் மட்டும்? 2023 அக்டோபரில் மெக்சிகோவின் அகபுல்கோவைத் தாக்கிய ஓட்டிஸ், ஒரே நாளில் சாதாரணப் புயலிலிருந்து உச்ச வலிமையான 5-ஆம் வகைக்கு எகிறியது. முந்தின நாள் முக்கியமான மாடல் எதுவும் அதைச் சொல்லவில்லை. விமானம் உள்ளே போய்ப் பார்த்தபோது கரைக்குச் சில மணி நேரம்தான் பாக்கி.

ஆக, 'புயலா, மண்டலமா' என்ற இழுபறிக்காக யாரையும் திட்ட எனக்கு மனசு வரவில்லை. மணிக்கு 61 கி.மீ. காற்று என்றால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62 என்றால் புயல், பெயர் உண்டு, டிவியில் தனி மியூசிக் உண்டு. பெயர் வைப்பது காற்றை வைத்து. மழையைப் பற்றி அதில் ஒரு எழுத்தும் இல்லை.

மீதிப் பாதித் திட்டு நியாயம் என்பேன். அது அறிக்கையின் தமிழுக்கு. 'ஓரிரு இடங்களில்' என்றால், அந்த வட்டாரத்து மழைமானிகளில் கால்வாசி வரை என்று அவர்களுக்குள் ஒரு கணக்கு. என் அம்மாவுக்கு 'ஓரிரு இடங்களில்' என்றால் எங்கேயோ, யாருக்கோ. 'அதிகனமழை' இன்னும் மோசம். 21 செ.மீ.யில் ஆரம்பிக்கிற அந்த வார்த்தைக்கு மேல்வரம்பே கிடையாது. 21-ம் அதிகனமழை, மயிலத்தின் 51-ம் அதிகனமழை. 30-ஆம் தேதிக்கு ரெட் அலர்ட் கொடுத்திருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மாடியில் வண்டியை ஏற்ற வேண்டிய ரெட்டா, குடையோடு போக வேண்டிய ரெட்டா என்று எனக்கு எப்படித் தெரியும்? கேமரா எல்லாம் சென்னையைப் பார்த்திருந்தது வேறு கதை. (சென்னை நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் ஏர்போர்ட்டையே மூடினார்கள், தெரியும்.)

என் ஆசை சின்னது. 'கரையைக் கடந்தது' என்று சொல்லும் அதே வாக்கியத்தில், மணிக்கு எத்தனை கிலோமீட்டரில் நகர்கிறது, அடுத்த ஆறு மணி நேரம் யார் தலைமேல் நிற்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நகரும் வேகம் அறிக்கையில் இருக்கிறது. டிவி ஸ்க்ரோலுக்கு வருவதற்குள் 'கடந்தது' மட்டும்தான் மிஞ்சுகிறது. அக்கா பாவம், அதைத்தான் படித்துச் சொன்னார்.

எங்களை விட்டு நகர்ந்த அந்தப் புயலின் மிச்சம், உள்ளே கிருஷ்ணகிரி வரை போனது. டிசம்பர் 2 காலை ஊத்தங்கரையில் அளந்த மழை 50 செ.மீ. அங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடற்கரைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். புயல் கரையைக் கடந்து ஒரு நாளுக்கு மேல் ஆகியிருந்தது.