வாரிய செடியைக் கரையிலேயே கொட்டாதீர்கள்!

இந்த வருஷமும் அதே கூத்துதான். எங்கள் ஊர்க் குளத்தில் ஜேசிபி இறங்கியது. பேனர் கட்டினார்கள், தொப்பி போட்டுக்கொண்டு வரிசையாக நின்று போட்டோ எடுத்தார்கள். ஆகாயத்தாமரையை வாரி கரையின் உள்சரிவிலேயே கொட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். ஒரு நல்ல மழைதான் பெய்தது. பாதிக் குவியல் சரிந்து மறுபடி தண்ணீருக்குள் போய்விட்டது. போய்க் கேட்டால், "அது அப்படித்தான் சார் வரும், அடுத்த வருஷம் திரும்ப டெண்டர் விடுவாங்க" என்கிறார் ஒப்பந்தக்காரரின் ஆள். வயிறு எரிகிறது.

அந்தக் குவியலைக் கிட்டப் போய்ப் பாருங்கள். மேலே காய்ந்து பழுப்பாகக் கிடக்கும். ஒரு குச்சியால் கிளறினால் உள்ளே பச்சைப்பசேல் என்று இருக்கும். காம்புகள் காற்றடைத்து உப்பியபடி, கறுத்த வேர்களில் சேறும் ஈரமும் அப்படியே இருக்கும். தாய்ச்செடியிலிருந்து ஒரு தண்டு நீண்டு, அதன் நுனியில் குட்டிச்செடி ஒட்டியிருக்கும். அந்தக் குட்டி ஒன்று உயிரோடு தண்ணீரில் விழுந்தால் போதும். வெயிலும் சத்தும் கிடைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் இரட்டிப்பாகிற செடி இது. இதைக் கரையில் ஈரத்தோடு குவித்து வைப்பது, வரும் போகத்துக்கு நாற்றங்கால் விடுவதைப் போன்றது.

அதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் பேசுவதே இல்லை. இந்தச் செடி எதைத் தின்று இவ்வளவு கொழுக்கிறது? நாம் விடும் சாக்கடையைத்தான். கழிவுநீரில் இருக்கும் தழைச்சத்தும் மணிச்சத்தும் சோப்புத்தூளும்தான் அதற்குத் தீனி. குளத்தில் சேர்ந்த அந்தச் சத்தை உறிஞ்சித் தன் உடம்பில் சேர்த்து வைத்திருக்கிறது. லாரியில் ஏற்றித் தூரமாகக் கொண்டுபோனால் அந்தச் சத்தும் குளத்தை விட்டுப் போகும். கரையிலேயே அழுக விட்டால் அந்தச் சத்தில் பெரும்பங்கு மழையோடு கரைந்து குளத்துக்கே திரும்பும். அப்புறம் செடி வராவிட்டால் பாசி வரும். தண்ணீர் பச்சை பெயின்ட் கரைத்தது போல் ஆகும். "செடியை எடுத்தும் குளம் நாறுதே" என்று அப்போது கேட்டு என்ன பயன்?

செலவாகும் என்பார்கள். ஆகும், எனக்கும் தெரியும். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான் இந்தச் செடி. அடர்ந்து மூடிய ஏக்கர் ஒன்றில் 100 டன் வரை தேறும். அதை ஈரத்தோடு ஏற்றினால் டீசல் கட்டாதுதான். அதற்காகக் குளத்துக்குள் சாயும் சரிவில் கொட்டலாமா? கரைக்கு வெளிப்பக்கம், வழிந்த நீர் திரும்பி உள்ளே போகாத இடத்தில் பரப்பிக் காயவிட்டு, எடை குறைந்ததும் ஏற்றுங்கள். சாணத்தோடு சேர்த்து மட்க வைத்தால் எரு ஆகும். சாயப்பட்டறை, தொழிற்சாலைக் கழிவு கலக்கும் குளமாக இருந்தால் மட்டும் அதை மாட்டுக்கும் போடக்கூடாது, வயலுக்கும் போடக்கூடாது. கன உலோகங்களையும் சேர்த்தே உறிஞ்சும் செடி அது.

இன்னொரு கூட்டம் "மருந்தடிச்சா ஒரே வாரத்துல கருகிடும்" என்று அலைகிறது. கருகும். கருகியது எங்கே போகும்? அடியில் போய் அழுகும். அழுகும்போது தண்ணீரில் இருக்கும் கொஞ்சநஞ்ச ஆக்சிஜனும் தீர்ந்து, விடியற்காலையில் மீன் வாயைப் பிளந்து மிதக்கும். குத்தகைக்கு எடுத்துக் குஞ்சு விட்டவர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இந்தச் செடியைத் தின்னும் கூன்வண்டை விடும் முறை நல்ல முறை. 1980களில் பெங்களூருப் பக்கத்து ஏரிகளில் விட்டுப் பலன் கண்டிருக்கிறார்கள். ஆனால் வண்டு பெருகி வேலையைக் காட்ட வருஷங்கள் ஆகும். நாம்தான் வருஷா வருஷம் செடியோடு வண்டையும் வாரி எறிந்துவிடுவோமே!

இது ஏதோ நேற்று முளைத்த பிரச்சினையும் இல்லை. தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடியை ஒழிக்க வங்காளத்தில் 1936-லேயே தனிச்சட்டம் போட்டார்கள். இங்கே தாமிரபரணியிலும் வைகையிலும் கோவைக் குளங்களிலும் இன்னும் வாரிக்கொண்டுதான் இருக்கிறோம். பூத்துவிட்டால் விதை சேற்றுக்குள் போய் 20 வருஷம்கூட உயிரோடு கிடக்கும். அப்படியிருக்க, ஊதாப்பூ பூத்துக் குலுங்கும் வரை விட்டுவிட்டு, ஐப்பசி மழை நெருங்கும்போது வந்து வாருவது யாருக்கு லாபம்? பூக்கும் முன்னால் வாருங்கள். வாரிய பிறகு வாரம் ஒருமுறை பரிசலில் இரண்டு பேரை அனுப்பி ஒதுங்கிய குட்டிச்செடிகளைப் பொறுக்கச் சொல்லுங்கள். வரத்து வாய்க்கால் வாயில் மூங்கில் தடுப்புக் கட்டுங்கள். ஜேசிபி வாடகையோடு பார்த்தால் இந்தச் செலவு ஒன்றுமே இல்லை. என்ன, இதில் பேனர் கட்ட முடியாது.

சாக்கடைக் குழாயை அடைக்காமல் இதெல்லாம் முழுசாகப் பலன் தராது, சரி. அதற்கும் சேர்த்துத்தான் சண்டை போட வேண்டும். ஆனால் கரையில் கொட்டுவதை நிறுத்த எந்தச் சுத்திகரிப்பு நிலையமும் தேவையில்லை. ஒப்பந்தத்தில் ஒரு வரி போதும்: எடைமேடை ரசீது காட்டிய லாரிக்கு மட்டுமே பணம், கரையில் கொட்டியதற்கு ஒரு பைசா கிடையாது. அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாகப் போடச் சொல்லிக் கேட்கப்போகிறேன். உங்கள் ஊரிலும் கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதியதைக் கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.