புருண்டியை ஒரே வரியில் கடந்துவிட்டீர்களே

உங்கள் கட்டுரையில் ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவின் 1994 படுகொலையை விரிவாக எழுதிவிட்டு, பக்கத்து நாடான புருண்டியில் நடந்ததும் "அதே ஹூட்டு, துட்சி பழம்பகை" என்று, அங்கே வாழும் இரு இனக்குழுக்களின் பகையாக ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். எனக்கு ஒப்பவில்லை. இரு தரப்பும் பேசுவது ஒரே கிருண்டி மொழி. ஊரும் ஒன்று, தேவாலயமும் பெரும்பாலும் ஒன்று. பிறகு என்ன பழம்பகை?

சுதந்திரத்துக்கு முன்பே இரு தரப்பையும் ஒரே கட்சியில் சேர்த்துத் தேர்தலில் வென்றவர் இளவரசர் லூயி ருவாகசோரே. 1961 அக்டோபரில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 1972-இல் ஒரு ஹூட்டு கிளர்ச்சியைச் சாக்காக வைத்து, துட்சிகளின் பிடியிலிருந்த ராணுவம் படித்த ஹூட்டுகளைத் தேடித்தேடிக் கொன்றது. ஆசிரியர், மாணவர் என்று யாரையும் விடவில்லை. செத்தவர்கள் ஒரு லட்சத்துக்குக் குறையாது என்பது பொதுவான கணிப்பு. ஒரு தலைமுறையின் படிப்பையே அழித்த காரியம் இது, ஆனால் வெளியுலகம் கண்டுகொள்ளவே இல்லை.

1993-இல் தேர்தலில் வென்ற முதல் ஹூட்டு அதிபர் மெல்கியோர் ந்தாதாயே. பதவியேற்று நூறு நாள் தாண்டியதும் ராணுவத்தினர் அவரைக் கொன்றார்கள். பழிக்குப் பழியாகத் துட்சி கிராமத்தினர் வெட்டப்பட்டார்கள், உள்நாட்டுப் போர் மூண்டது.

சரி, அந்தப் போரை நிறுத்த 2000-இல் மண்டேலா நடுவராக இருந்து முடித்த அருஷா சமாதான ஒப்பந்தத்தையாவது சொல்லியிருக்கலாம். அதன் வழியே வந்த ஏற்பாட்டில் நாடாளுமன்றக் கீழவையில் ஹூட்டுவுக்கு 60, துட்சிக்கு 40 சதவீதம், ராணுவத்தில் சரிபாதி. 2015-இல் ஹூட்டுவான அதிபர் ந்குருன்சிசா மூன்றாம் முறை நிற்கக் கிளம்பியபோது தெருவில் இறங்கி எதிர்த்தவர்களில் ஹூட்டுகளும் இருந்தார்கள். இதை எந்தப் பழம்பகையில் சேர்ப்பீர்கள்?